ஆசிரியரின் சுமையை யார் இறக்குவது?



அன்பிற்குரிய மஹல்லாவாசிகளே! கடந்த ஷவ்வால் மாதத்தில் நம் மக்தப் மதரஸாவின் மாலை வகுப்பு ஏறத்தாழ மூன்று வாரம் நடக்கவில்லை. பிள்ளைகள் குர்ஆன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். "என்ன நிர்வாகம் நடத்துகிறீர்கள்?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். அதற்கான பதிலாகவே இம்மாதக் கல்விப் பகுதியை எழுதுகிறோம்.

ஒன்பது ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஆலிமா அவர்கள் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார்கள். அதில் யாரைப் பற்றியும் ஒரு குறையும் இல்லை. உடல் இடம் தரவில்லை, மன்னிக்கவும் என்று இரண்டே வரி. நிர்வாகத்தின் சார்பில் நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவர்களால் பேச முடியவில்லை. தொண்டை அடைத்துப்போய், பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்கள். அந்த நோட்டைப் படித்தபோது எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது.

ஒரே வகுப்பில் 47 பிள்ளைகள். ஐந்து வயதும் உண்டு, பதின்மூன்று வயதும் உண்டு. வருகைப் பதிவேடு ஒன்று, கட்டணப் பதிவேடு ஒன்று, பாடக் குறிப்பேடு ஒன்று. கட்டணம் தராதவர்களுக்கு நினைவூட்டுவதும் அவர்கள் பொறுப்பு. இரவில் வாட்ஸ்அப்பில் பெற்றோரின் குரல் பதிவுகள்: "என் மகன் இன்னும் அதே பாடத்திலேயே இருக்கிறானே, ஏன்?" வெள்ளிக்கிழமை பெண்களுக்குப் பயான். மீலாது மாதம் வந்தால் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது. இவற்றில் ஓதிக்கொடுப்பது மட்டும்தான் நாம் அவர்களை நியமித்த வேலை. மற்றதெல்லாம் ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொன்றாக நாமே ஏற்றியது. கெட்ட எண்ணத்தில் யாரும் ஏற்றவில்லை. "ஆலிமாவே பார்த்துக்கொள்வார்கள்" என்ற ஒரு வார்த்தையில் ஏற்றினோம்.

பொறுமை மட்டும் போதுமா?

ஆசிரியர்கள் களைத்துப்போனால் "சபுர் செய்யுங்கள், நன்மை கிடைக்கும்" என்று சொல்வது நம் பழக்கம். ஓதிக்கொடுப்பதன் நன்மை பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) இருவரின் சம்பவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று தம்மை வருத்திக்கொண்டிருந்தார்கள். விருந்தாளியாக வந்த ஸல்மான் அவர்களை உண்ணவைத்து, உறங்கவைத்து, இறைவனுக்குரிய கடமையோடு உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இது சொல்லப்பட்டபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்று ஏற்றுக்கொண்டார்கள். புகாரியில் வரும் செய்தி இது. வணக்கத்துக்கே அளவு வைத்த மார்க்கம், ஓதிக்கொடுப்பவரை ஓய்வில்லாமல் வைத்திருக்க நமக்கு அனுமதி தரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். களைத்துப்போன ஆசிரியரின் கை பிரம்பைத் தேடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, துனிஸ் நகரில் பிறந்த அறிஞர் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் கடுமையாக நடத்தப்படும் பிள்ளைகளைப் பற்றி எச்சரித்திருக்கிறார். அப்படி வளரும் பிள்ளை சோம்பலுக்கும், அடிக்குப் பயந்து பொய் சொல்வதற்கும் பழகிவிடுகிறது என்பது அவர் கருத்து. பிரம்பை ஒழிக்க வேண்டுமானால் தடை மட்டும் போதாது, அதைத் தேட வைக்கும் களைப்பையும் குறைக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நம் வகுப்பு 90 நிமிடம். 47 பிள்ளைகளையும் தனித்தனியே அழைத்து ஓதக் கேட்டால், ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. அந்தப் பிள்ளை மீதி 88 நிமிடமும் என்ன செய்யும்? பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளும், பேசும், தண்ணீர் குடிக்கப் போகும். கூடத்தில் இரைச்சல் ஏறும். அதற்கு மேலே ஆலிமாவின் குரல் ஏற வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் தொண்டை போனது இப்படித்தான். பிள்ளைகளின் குறும்போ ஆலிமாவின் திறமைக் குறைவோ இதற்குக் காரணமில்லை. வகுப்பை அமைத்த விதம்தான் காரணம்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போருக்குப் பின் ஈட்டுத் தொகை கொடுக்க முடியாத கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒருவருக்குப் பத்துப் பிள்ளைகள் என்ற கணக்கையும் அவை குறிப்பிடுகின்றன. போர்க் கைதிக்கே பத்துப் பிள்ளைகள்தான்! நாம் ஒரே ஆளிடம் 47 பேரை உட்கார வைத்திருந்தோம்.

வகுப்புக்குள் செய்யக்கூடியவை

மக்தபிலும் பள்ளிக்கூடத்திலும் பணிபுரியும் நம் மஹல்லா ஆசிரியர்கள் சிலரை அழைத்து இரண்டு முறை அமர்ந்து பேசினோம். அவர்கள் தாங்களே செய்து பார்த்துப் பயன் கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. முதல் பத்து நிமிடம் மாறாமல் இருக்கட்டும். பிள்ளைகள் நுழைந்தவுடன் செருப்பு எங்கே, பை எங்கே, யார் எங்கே உட்கார வேண்டும், எதை எடுத்து ஓத வேண்டும் என்பது தினமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் இதை மட்டும் பழக்கினாலும் நட்டமில்லை. பழகிய பிறகு ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லாமலே வகுப்பு தொடங்கிவிடும். பள்ளி ஆசிரியர்கள் கரும்பலகையில் முந்தைய நாள் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளை எழுதி வைத்துவிடுகிறார்கள். வருகை எடுத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் விடை எழுதிவிடுகிறார்கள்.

2. எல்லோரையும் தினமும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. காயிதா ஓதுபவர்கள், ஜுஸ்உ அம்ம ஓதுபவர்கள், குர்ஆன் பார்த்து ஓதுபவர்கள் என்று மூன்று குழுவாகப் பிரித்து, பொதுவான பாடத்தைக் குழுவாகச் சொல்லிக்கொடுக்கலாம். "ஹா"வுக்கும் "ஃகா"வுக்கும் உள்ள வேறுபாட்டை இருபது பேருக்கு இருபது முறை சொல்வதைவிட, ஒரே முறை எல்லோருக்கும் சொல்லித் திரும்பச் சொல்ல வைப்பது எளிது. தனியாகக் கேட்பதற்குப் பாதிப் பேர் சனி, திங்கள், புதன். மீதிப் பேர் ஞாயிறு, செவ்வாய், வியாழன். இப்படிச் செய்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் இரு மடங்காகிறது. இது கல்வியைக் குறைப்பதாகாது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மக்களுக்கு வியாழக்கிழமை தோறும் மட்டுமே உபதேசம் செய்தார்கள். தினமும் செய்யக் கூடாதா என்று ஒருவர் கேட்டபோது, மக்கள் சலித்துவிடக் கூடாது என்பதே காரணம் என்றும், நபி (ஸல்) அவர்களும் அப்படியே இடைவெளி விட்டுத்தான் தங்களுக்கு உபதேசித்தார்கள் என்றும் விளக்கினார்கள்.

3. பாடம் சிறியதாக இருக்கட்டும். மாணவர் ஒழுக்கம் பற்றி நூல் எழுதிய இமாம் ஸர்நூஜி, தொடக்கத்தில் இரண்டு முறை திரும்பச் சொன்னால் மனதில் நிற்கும் அளவுக்கே பாடம் கொடுக்க வேண்டும் என்றும், பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். பெரிய பாடம் கொடுத்துவிட்டு மறுநாள் பாதி வகுப்பு மறந்து வந்தால், அதே பாடத்தை மீண்டும் நடத்தும் சுமை ஆசிரியருக்குத்தான்.

4. மூத்த பிள்ளைகள் கை கொடுக்கட்டும். நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். அந்தக் காலப் பெரிய மதரஸாக்களில் ஆசிரியர் நடத்திய பாடத்தைத் திரும்பச் சொல்லிப் புரியவைக்க "முஈத்" என்று ஒருவர் இருந்தார். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் ஒரு சிறுவனை வைத்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது "மெட்ராஸ் முறை" என்றே பெயர் பெற்றுப் பரவியது. நம் மண்ணில் இருந்த வழக்கத்தை நாம் மீண்டும் எடுத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒரு பிள்ளை ஒரு நாளில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அதற்கும் படிப்பு இருக்கிறது. அடுத்து, உச்சரிப்பு சரிதானா என்று முடிவு செய்வது உஸ்தாத் அல்லது ஆலிமா மட்டுமே. சட்டாம்பிள்ளைக்கு அடிக்கும் உரிமையோ புகார் எழுதும் வேலையோ கொடுக்கவே கூடாது.

5. நோட்டுத் திருத்துவதில் நேரத்தை மிச்சப்படுத்தலாம். 40 நோட்டு, ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். இதுதான் பள்ளி ஆசிரியரின் மாலையைத் தின்கிறது. நம் சகோதரி ஒருவர் செய்யும் முறை இது: எல்லா நோட்டையும் வேகமாகப் பார்த்து, பலரும் செய்திருக்கும் நான்கைந்து பிழைகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார். மறுநாள் அவற்றைக் கரும்பலகையில் எழுதி விளக்குகிறார். பிள்ளைகளே தங்கள் நோட்டைத் திருத்துகிறார்கள். சுழற்சி முறையில் பத்து நோட்டுகளை மட்டும் முழுமையாகத் திருத்துகிறார். நான்கு சுற்றில் எல்லா நோட்டும் முழுமையாகப் பார்க்கப்பட்டுவிடும். சிவப்பு மையில் திருத்தித் தந்ததைப் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, தாங்களே திருத்தியது நினைவில் நிற்கிறது என்கிறார் அவர்.

6. குரலைக் காப்பாற்றுங்கள். அமைதிக்காகக் கத்த வேண்டாம். கையை உயர்த்தினால் பிள்ளைகளும் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும் என்று பழக்கலாம், அல்லது இரண்டு முறை கை தட்டலாம். வகுப்பின் கடைசி வரிசைக்குச் சொல்ல வேண்டியதை முன்னால் நின்று உரக்கச் சொல்லாமல் அருகில் போய்ச் சொல்லலாம். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். சளி, தொண்டைக் கட்டு இருக்கும் நாளில் எழுத்து வேலை கொடுத்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு நீடித்தால் கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

7. தயாரிப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரே வகுப்பு எடுக்கும் மூன்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாடத்தின் பயிற்சித்தாளைத் தயாரித்து மாற்றிக்கொண்டால் மூவருக்கும் வேலை மூன்றில் ஒரு பங்கு. சென்ற ஆண்டுத் தாள்களை ஒரு கோப்பில் போட்டு வைத்தால் இந்த ஆண்டு சிறு மாற்றத்தோடு பயன்படும்.

பள்ளிக்கூட ஆசிரியருக்காகப் பெற்றோர் கேட்க வேண்டியவை

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது அளவு. வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று சொல்லும் சட்டம், பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர்த்து, கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு.

இதைப் பேசுவதற்கு இடமும் இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்; மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம் சகோதரிகள் சிலர் இக்குழுக்களில் இருக்கிறார்கள். கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசுவதோடு, "எத்தனை ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது? எமிஸ் பதிவேற்றும் வேலைக்கு ஆசிரியர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்? அதற்கு உதவிக்கு ஆள் உண்டா?" என்றும் கேளுங்கள். தீர்மானமாக எழுதி வையுங்கள். ஆசிரியர் தாமே கேட்கத் தயங்கும் கேள்வியைப் பெற்றோர் கேட்பது பெரிய உதவி.

வீட்டிலிருந்து செய்யக்கூடியவை

ஆசிரியருக்கு இரவில் செய்தி அனுப்பாதீர்கள். பிள்ளையின் படிப்பு பற்றிக் கேட்க வேண்டியதை வாரத்தில் ஒரு நாள் நேரில் கேளுங்கள். பிள்ளையை நேரத்துக்கு அனுப்புங்கள். பத்து நிமிடம் தாமதமாக ஐந்து பிள்ளைகள் வந்தால் ஐந்து முறை பாடம் நிற்கிறது. இஷாவுக்குப் பிறகு கைபேசியை வாங்கி வைத்துத் தூங்க வையுங்கள். தூக்கம் கலையாத பிள்ளையால் வகுப்பில் உட்கார முடியாது. ஓதியதை வீட்டில் ஐந்து நிமிடம் கேளுங்கள். உங்களுக்கு ஓதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதே பிள்ளைக்குப் போதும். ஆசிரியர் மீது குறை இருந்தால் பிள்ளையின் முன்னால் பேசாதீர்கள். நிர்வாகத்திடம் வாருங்கள், விசாரிப்போம்.

நிர்வாகம் செய்ததும் செய்யாததும்

உபதேசம் செய்துவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. துல்கஅதா மாதம் முதல் மாலை வகுப்பை 24, 23 என்று இரண்டாகப் பிரித்திருக்கிறோம். இரண்டாவது வகுப்புக்கு இளம் ஆலிமா ஒருவரை நியமித்திருக்கிறோம். மூன்று பதிவேடுகள் ஒன்றாகிவிட்டன. கட்டணம் வாங்குவது இனி அலுவலகத்தின் வேலை. பெற்றோர் செய்திகள் அலுவலக எண்ணுக்கு மட்டுமே. சம்பளம் முதல் தேதிக்குள் கொடுக்கப்படுகிறது. முன்பு சில மாதங்களில் பத்தாம் தேதி வரை தள்ளிப்போனது எங்கள் தவறு. கூலிக்காரரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது நாம் ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்ட அறிவுரை. ஆசிரியர் விடுப்பு எடுக்கும் நாளில் வகுப்பு எடுக்க இரு சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

செய்யாதவையும் இருக்கின்றன. கூடத்தின் தகரக் கூரையில் எதிரொலி அப்படியே இருக்கிறது, மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. உள்கூரை போட நிதி சேரவில்லை. இரண்டாவது ஆலிமாவின் சம்பளத்துக்கு இந்த ஆண்டு முடியும்வரை மட்டுமே கையில் இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் நின்றுபோன பிள்ளைகளில் ஆறு பேர் இன்னும் திரும்பவில்லை. அவர்களின் வீடுகளுக்கு நாங்களே வந்துகொண்டிருக்கிறோம்.

நம் பழைய ஆலிமா அவர்கள், அல்ஹம்துலில்லாஹ், குரல் தேறி வருகிறார்கள். மாலை வகுப்புக்குத் திரும்ப முடியவில்லை. சுபுஹுக்குப் பிறகு குர்ஆன் ஓதும் பெரிய பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஓதிக்கொடுக்கிறார்கள். சென்ற வாரம் நாங்கள் போய்ப் பார்த்தபோது அறை அமைதியாக இருந்தது. ஒரு பிள்ளை ஓத, ஆலிமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிழை வந்த இடத்தில் விரலால் பாயைத் தட்டினார்கள், அவ்வளவுதான். பிள்ளை தானே நிறுத்தி, திருத்தி ஓதியது. இந்த ஒன்பது ஆண்டுகளும் அவர்களுக்கு இப்படி ஒரு வகுப்பை நாம் கொடுத்திருக்கலாம்.

இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். உங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் ஒருவரைச் சந்தித்து, "உங்கள் வேலையில் எங்களால் குறைக்கக்கூடியது எது?" என்று கேளுங்கள். சொல்லும் பதிலை ஒரு தாளில் எழுதி, பள்ளிவாசல் வாசலில் உள்ள அறக்கட்டளைப் பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. அடுத்த மாத நிர்வாகக் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் படிப்போம், முடிந்ததைச் செய்வோம், முடியாததை ஏன் முடியவில்லை என்று இதே பக்கத்தில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி தருபவர்களின் உடலுக்கு நலத்தையும் உள்ளத்துக்கு நிம்மதியையும் தருவாயாக. அவர்கள் மீது நாங்கள் அறியாமல் ஏற்றிய பாரத்தை மன்னிப்பாயாக. அதை இறக்கி வைக்கும் எண்ணத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர், நிர்வாகக் குழுவின் சார்பில்